டைம் கீப்பரின் காளை

– மணி எட்டு அஞ்சு. எட்டு நாப்பது குடுமியான்மலை வண்டியப் புடிக்கணும். சட்டுனு காளையோட ரிப்போர்ட்டைப் படி ஆத்தா.

– ரிட்டயர் ஆகி ஆறு வருசம் ஆச்சு. இன்னும் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பராவே இருக்கீங்கப்பா.

– திருச்சியா, கீரனூரா, எந்த வண்டின்னு தூக்கத்துல எழுப்பிக் கேளு, நிமிசத்தோட சொல்வேன். இன்னைக்கு வரைக்கும் வண்டி எப்பன்னு யாரையும் நான் கேட்டதில்ல. படி. இன்னாசி வாயை அடைக்கணும்.

– அவரு என்ன சொன்னாரு?

– அவன் மாடு மூணும் நம்ம செவலைகிட்ட வந்துச்சு. ஒண்ணும் சினை புடிக்கல. காளையில கோளாறோன்னு இழுத்தான். பசுவுலதான்டா கோளாறு, வித்துத் தள்ளிவிடுன்னேன். தள்ளிட்டான். இப்ப ஊருக்குள்ள மொணங்கிக்கிட்டுத் திரியிறான்.

– யாருக்குத் தள்ளினாரு?

– அடிமாட்டுக்குத்தான்.

– அப்பா, செவலையோட விந்துல வால் மொளைச்ச அணு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உருண்டையா நிக்கிது.

– என்ன பேசுற நீ? மூணு வருசமா வாடிவாசல்ல ஒருத்தன் அது திமில்ல கை வச்சதில்ல.

– திமிலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பசு மேல ஏறும், எறங்கும். அணு மட்டும் பாதியில நின்னுபோச்சு.

– தீனி பத்தலையா?

– தீனியில்ல. பொறப்பு. உங்க ஆபீசை வச்சே சொல்றேன். விந்தணு மொதல்ல உருண்டை. அப்பறம்தான் ஒடுங்கி வால் மொளைக்கும். ஒடுங்கும்போது ஜீனெல்லாம் இறுக்கிக் கட்டுன மூட்டையாயிரும். அதுக்கு மேல புதுசா உத்தரவு எழுத முடியாது.

– ஆபீசைப் பூட்டிட்டான்.

– ஆமா. அதனால பூட்டுறதுக்கு முன்னாடியே உத்தரவெல்லாம் எழுதி வச்சிரும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டைக் கையில புடிச்சு வச்சிருந்து, அதது நேரம் வந்தா விடணும். அதுக்குன்னு சில புரதம் இருக்கு. அதைத்தான் நான் லேப்புல ஆராய்ச்சி பண்றேன்.

– டைம் கீப்பருன்னு சொல்லு.

– அதேதான்.

– அந்த டைம் கீப்பரு வேலைக்கு வரலேன்னா?

– சில உத்தரவு முந்திக்கிட்டு ஓடிரும். சிலது மக்கிப்போகும். எலியில அந்தப் புரதத்தை எடுத்துட்டுப் பாத்தோம். அணு உருண்டையாவே நின்னுருச்சு. செவலை ரத்தத்தையும் பாத்தாச்சு. அந்த ஜீன் ஒடைஞ்சிருக்கு.

– வெளிய பாத்தாத் தெரியாதா?

– தெரியாது. நல்லாத் திங்கும், நல்லாப் பாயும். அவ்வளவுதான்.

– அப்ப இன்னாசி மாட்டுல...

– கோளாறு இல்லப்பா.

– மூணுலயுமா?

– மூணுலயும்.

– சரி. தப்புன்னா தப்பு. இன்னாசிகிட்ட நானே போய்ச் சொல்றேன். செவலை வாடிவாசலோட நிக்கட்டும். நீ சீலையை மாத்து. பத்து மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காக பொண்ணு வீட்டுல.

– நான் வரல.

– ஒன் அண்ணனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். நீ வராம?

– அன்புமொழி அண்ணி கீரனூர்ல அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. நீங்கதான் கொண்டுபோய் விட்டீங்க.

– வக்கீல்கிட்டப் பேசியாச்சு. அஞ்சு வருசம் பொறுத்தோம். ஒரு புள்ளை இல்ல.

– டாக்டர்கிட்ட யாரு போனது?

– அவதான் போனா. மூணு எடம்.

– என்ன சொன்னாங்க?

– அவளுக்கு ஒண்ணும் இல்லேன்னாக. டாக்டருக்கு என்ன தெரியும்?

– அண்ணன் போய்ப் பாத்துச்சா?

– அவன் எதுக்குப் போகணும்? ஆறடி ஆளு. கபடியில அவனைப் புடிக்க இந்த வட்டாரத்துல ஒருத்தன்...

– சொல்லுங்க.

– அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை காட்டு.

– அப்பா, மணி எட்டு இருவது. குடுமியான்மலை வண்டிக்குக் கெளம்பணும்னீங்க.

– கீரனூருக்கு அடுத்த வண்டி எப்ப ஆத்தா?