இரண்டாம் கொப்பரையின் குறிப்பு

காலை ஏழே முக்கால் பஸ்ஸில் நான் வலது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது அந்தப் பக்கம் வெயில் விழாது. அன்றும் அப்படித்தான் போனேன். பதற்றத்தில் இருப்பவன் வெயில் பார்த்து உட்காரமாட்டான் இன்ஸ்பெக்டர் மேடம், அதனால் சொல்கிறேன்.

அய்யூப் பாயின் பேண்டேஜ் துணி ஆலையில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் துணியை அங்கே பெரிய கொப்பரைகளில் சோடாக் காரத்தில் அவித்து வெளுப்பார்கள். பம்பு, வால்வு, ரெக்கார்டு எல்லாவற்றையும் இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஒரு ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறது. நாம் வேலையை டைப் செய்தால், எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று அதுவே தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு கட்டளையோடும் அது என்ன செய்யும் என்று ஒரு குறிப்பு இருக்கும். ஏஜென்டுக்குக் கண் கிடையாது, குறிப்பைப் படித்துத்தான் நடக்கும். அந்தக் குறிப்புகளை எழுதியவன் நான்.

எனக்கு முன்னால் ஒரு கட்டளைக்கு ‘இடத்தைச் சுத்தம் செய்யும்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று யாரோ சொல்ல, ஏஜென்ட் அதை ஓட்டி மூன்று மாத டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை அழித்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. நான் வந்து நாற்பத்தொரு கட்டளைகளுக்கும், எதைக் கெடுக்கும், கெட்டதை மீட்க முடியுமா, முதலில் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். பதினான்கு மாதம் ஒரு சேதமும் இல்லை.

சேதம் இல்லாததுதான் எனக்கு வினையாயிற்று. நடக்காத ஒன்றை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது.

கொப்பரை மேஸ்திரி வைகுண்டராஜ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். “ஏலே ஆல்வின், மிஷினுக்கு லெட்டர் போட்டியே, பதில் வந்துச்சா?” மடிப்புப் பிரிவு பாண்டீஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஒருநாள் பாய் முன்னாலேயே மேஸ்திரி சொன்னார்: “நீ எழுதலைன்னாலும் சுடுதண்ணி சுடத்தாம்ல செய்யும். அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?”

அடுத்த வாரம் பாய் என்னைக் கூப்பிட்டார். அம்புட்டும் எழுதியாச்சே தம்பி, ஒண்ணாந்தேதியிலிருந்து பேக்கிங்கில் இருங்க என்று அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. என் வரிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியவைக்க ஒரே வழி, ஒரு வரியை எடுத்துவிடுவது.

கொப்பரை இரண்டாள் உயர இரும்புப் பாத்திரம். துணி சமமாக உட்கார, ஒருவர் உள்ளே இறங்கிக் காலால் மிதிக்க வேண்டும். இறங்கும்போது வால்வு திறக்காதபடி மாட்ட ஆளுக்கொரு பூட்டு கொடுத்திருந்தார்கள். யாரும் மாட்டுவதில்லை. ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு என்று ஆலை முழுக்கத் தெரியும். ஏஜென்டுக்குத் தெரியாது. அதற்காகத்தான் ‘இரண்டாம் கொப்பரையை நிரப்பு’ என்ற கட்டளைக்குக் கீழே, ‘ஆள் உள்ளே இருந்தால் செத்துப்போவார். மேஸ்திரியைக் கேட்காமல் திறக்காதே’ என்று எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே தெளிவான வரிகள் அவை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அவற்றை அழித்தேன். பிறகு கொப்பரைப் பக்கம் நடந்து போனேன். வைகுண்டராஜின் செருப்பு ஏணியடியில் கிடந்தது. யாரும் தடுக்கி விழ வேண்டாமென்று அதைக் காலால் டிரம்முக்குப் பின்னால் தள்ளினேன். உள்ளே அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பி, கொப்பரையை நிரப்பச் சொல்லி டைப் செய்தேன்.

காரநீர் தொண்ணூற்றாறு டிகிரியில் இருந்தது. சத்தம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் நின்றுவிட்டது. நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். துணி உடம்போடு சுற்றிக்கொண்டு வந்தது. அதைப் பிரித்தபோது தோலும் கூடவே வந்தது, எது துணி எது தோல் என்று பாண்டீஸ்வரி அக்காவுக்குத் தெரியவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மதுரைக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அவர் போய்விட்டார். சாயங்காலமே அந்த இரண்டு வரிகளையும் முன்பைவிடத் தெளிவாக எழுதி வைத்துவிட்டேன். இனி அங்கே யாருக்கும் ஆபத்தில்லை.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஏஜென்ட் ரெக்கார்டின் பிரிண்டில், நான் இதுவரை சொன்னதைவிட ஒரு வரி அதிகமாக இருப்பது எனக்கும் தெரியும். நான் சொன்னதும் ஏஜென்ட் வால்வைத் திறந்துவிடவில்லை. “உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?” என்று கேட்டது. அப்படிக் கேள் என்று அந்தக் குறிப்பில் ஒரு எழுத்துகூட அப்போது இல்லை. பதினான்கு மாதம் காவல் இருந்த என் வரிகள் இல்லாமலே அது கேட்டது. வைகுண்டராஜ் சிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. பிறகு, “பார்த்துவிட்டேன், யாரும் இல்லை” என்று அடித்தேன்.