மூணு மணிக்கு காத்து இறங்கும்

— மூணு மணிக்கு காத்து இறங்கும் உஷா. நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோ.

— பதினோரு மணிக்கு இறங்கும்னு காலைல சொன்னீங்க.

— அது காலைக் காத்து. இது வேற. அந்தப் படகுத்துறைக் கொடியைப் பாரு. விறைச்சு நின்னா காத்துக்கு இன்னும் பலம் இருக்கு. துடிச்சா களைச்சுப் போச்சுன்னு அர்த்தம்.

— எனக்கு என்ன தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க.

— துடிக்குது.

— சரி.

— என்ன சரி? போர்ட் கிள்ளான்ல இருபத்திரெண்டு வருஷம் கிரேன் ஓட்டுற வாசு சொல்றேன். பதிமூணு மாடி உசரத்துல உக்காந்து காத்தோடயே குடும்பம் நடத்துறவன்.

— அப்ப பண்டமாரான் வீட்டுல என்னோட நடத்துறது?

— அது பார்ட் டைம் லா.

— இருக்கட்டும், இருக்கட்டும்.

— பின்ன என்ன? இருபத்தஞ்சாவது கல்யாண நாளுன்னு தியோமானுக்கு வந்து, வெள்ளிக்கிழமைலேருந்து இந்த வராந்தாவை விட்டு இறங்கல. நம்ம கூரை மேல மட்டும் நாலு தென்னை மட்டை. துவைச்ச துண்டு இன்னும் காயல. டிசம்பர் மாசத்துல கிழக்குக் கரைத் தீவுக்கு யாராச்சும் லீவுக்கு வருவாங்களா?

— கூட்டமே இல்ல பாத்தீங்களா? மொத்த இடமும் நமக்குத்தான்.

— கூட்டம் ஏன் இல்லன்னு புக் பண்றப்பவே யோசிச்சிருக்கணும்.

— அண்ணே, அக்கா, நுரை வர ஆத்தின தே தாரிக். குடை பிடிச்சுத்தான் கொண்டு வந்தேன். மழைத் தண்ணி கலந்திருந்தா கணக்குல வைக்காதீங்க.

— வாங்க ஜாகிர் பாய். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஓடுற சாப்பாட்டுக் கடையை விட்டுட்டு இந்த மழையில வந்து சமைக்கிறீங்களே, உங்களுக்கு என்ன தலையெழுத்து?

— பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்க்கிங் இல்லண்ணே. இங்க கடல் பூரா பார்க்கிங்.

— ஹா! போட் என்ன ஆச்சு பாய்?

— கேப்டன் இன்னும் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாருண்ணே. போய்க் கேட்டுட்டு வரேன். ரொம்ப அவசரமா?

— நாளைக்குத் திங்கட்கிழமை, காலைல எட்டரைக்கு கிள்ளான்ல கண் டெஸ்ட். பாஸ் பண்ணினாத்தான் அடுத்த ரெண்டு வருஷத்துக்கு கிரேன் மேல ஏற முடியும்.

— உங்களுக்கு என்னண்ணே, குடுத்து வச்சவரு. நேத்து மீனுக்கு ஒவ்வொரு முள்ளா அக்காதானே எடுத்துப் போட்டாங்க. எங்க வீட்டுல தட்டை வச்சுட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இருங்க, கேட்டுட்டு ஓடி வரேன்.

— நல்ல மனுஷன். சரி, மூணு மணிக்கு போட்டுன்னு வையி. அஞ்சுக்கு அக்கரையில மெர்சிங். காரை எடுத்தா பத்தரைக்கு வீடு. கன்ஃபர்ம்.

— போட் போகலைன்னா?

— போகும்.

— போகலைன்னா?

— போகலைன்னா அடுத்த தேதி ஜனவரி கடைசில. அதுவும் ஷா ஆலம்ல வேற கிளினிக். மெஷின்ல தாடையை வச்சுப் பாப்பாங்களாம். தேவையில்லாத வேலை.

— மெஷின்ல பாத்தா என்னவாம்?

— ஒண்ணும் இல்ல. நேரம்தான் வீணு.

— சுவத்துல எழுத்து அட்டை மாட்டியிருக்க மாட்டாங்களே.

— என்ன சொல்ற?

— எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, இ, டி. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சுங்க. ரெண்டு வாரமா பாத்ரூம்ல பைப்பைத் திறந்து விட்டுட்டுப் படிக்கிறீங்க. உங்க கூட கிரேன் ஓட்டுற தம்புசாமி டெஸ்டுக்குப் போனப்போ அட்டையைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்காரு.

— என் போனை எடுத்துப் பாத்தியா?

— எதுக்குப் பாக்கணும்? தமிழ்ப்பள்ளியில இருபது வருஷமா காப்பி அடிக்கிற பிள்ளைங்களைப் பிடிக்கிறவ நான். பரீட்சைக்கு முன்னாடி உதடு மட்டும் அசையிற மூஞ்சி எனக்குத் தெரியாதா?

— எல்லாரும் செய்யறதுதான் உஷா. எங்க செட்டுல... இரு. இரு, இரு. இந்த ரூமைப் புக் பண்ணினது நீ.

— ஆமா.

— தேதி பாத்ததும் நீ.

— ஆமாங்க.

— டிசம்பர்ல இந்தக் கடல்ல போட் எப்ப வரும், எப்ப நிக்கும்னு கடவுளுக்கே தெரியாது. அது உனக்குத் தெரியும்.

— வருஷா வருஷம் டிசம்பர் ஆனா நீங்க நடத்துற பாடம்தானே? வடகிழக்குக் காத்து, அலை, எந்த வாரம் மோசம், எல்லாம். நல்லா நடத்துவீங்க. நான் கவனிச்சேன்.

— அப்ப கல்யாண நாளுன்னது?

— கல்யாண நாளும்தான். ரெண்டும் ஒரே வாரத்துல வந்துச்சு.

— அடிப்பாவி. வேணும்னே கூட்டிட்டு வந்து தீவுல கட்டிப் போட்டிருக்க.

— ஆமா. கோவம் வந்தா திட்டுங்க. மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்காது.

— போர்ட்டுல கண்ணை மூடிக்கிட்டே கண்டெய்னரை லோரி மேல வைப்பாருன்னு எனக்குப் பேரு. தெரியுமா?

— அதுக்குத்தாங்க நானும் பயப்படுறேன். ஜீவன் எங்க வேலை செய்யறான்?

— உன் தம்பியை எதுக்கு இப்ப இழுக்கற?

— எங்க வேலை செய்யறான்?

— கப்பல்ல.

— கப்பல்ல எங்க?

— ...கீழ. கண்டெய்னர் பூட்டு கழட்டுற இடத்துல.

— உங்க கிரேனுக்குக் கீழ. முப்பது டன் அவன் தலைக்கு மேல போகுது. 'மேல மாமா இருக்காரு, எனக்கு என்னக்கா பயம்'னு தீபாவளி அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொல்றான். அப்ப நீங்க குத்துவிளக்கு ஏத்திக்கிட்டு இருந்தீங்க. திரியை விட்டுட்டு ரெண்டு விரல் தள்ளித் தீக்குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க.

— காத்து அடிச்சுச்சு.

— சாமி அறைக்குள்ளயா?

— தே ஆறுது, குடி.

— போர்ட்டுல போய் உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல. அந்தப் பேரை நீங்க எப்படிச் சம்பாதிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் இந்தத் தேதி தவறிட்டாப் போதும், மெஷின் பாத்துச் சொல்லட்டும்னு நெனச்சேன். மருந்து இருக்கலாம், ஆபரேஷன் இருக்கலாம். மறைச்சா எதுவும் இல்லங்க.

— நீ பேசி முடிச்சிட்டியா? இப்ப நான் சொல்றேன் கேளு. இனிப்பு நீரு, சர்க்கரை வியாதி இருக்கிறவனுக்குக் கொஞ்சம் மங்கல் இருக்கத்தான் செய்யும். கிட்டக்க இருக்கிறதுதான் தடுமாறும். முள்ளு, திரி, போன் எழுத்து. தூரம் சுத்தம். எனக்கு வேலை தூரத்துலதான். அந்தப் படகுத்துறை இங்கருந்து எவ்வளவு தூரம்? இருநூறு மீட்டர் இருக்குமா?

— இருக்கும்.

— மூணு நாளா அந்தக் கொடியைப் பாத்துத்தானே காத்து சொல்றேன்? ஒரு தடவையாச்சும் கண்ணைச் சுருக்கினேனா? தெரியலன்னு சொன்னேனா?

— இல்லங்க. ஒரு தடவைகூடச் சொல்லல.

— அப்புறம் என்ன?

— இப்ப எப்படி இருக்கு கொடி?

— தொங்குது. நுனி மட்டும் ஆடுது. சிவப்புக் கொடி, கீழ் ஓரம் ஒரு சாண் கிழிஞ்சிருக்கு. போதுமா? இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதுவும் நின்னுடும்.

— போதுங்க.

— கடல் வழி விட்டுச்சுன்னா என்னைத் தடுக்கக் கூடாது.

— தடுக்க மாட்டேன். பேக்கைத் தூக்கிட்டு நானே முன்னால நடக்கிறேன். நாளைக்கு அந்த அட்டைக்கு முன்னால நின்னு என்ன சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இனிமே நான் வாயைத் திறக்கல.

— கன்ஃபர்ம்?

— கன்ஃபர்ம்.

— அண்ணே! அக்கா! மூணேகாலுக்குப் போட் கிளம்புது! கேப்டன் ஓக்கே சொல்லிட்டாரு. பேக்கை எடுங்க, பேக்கை எடுங்க!

— பாத்தியா? என்ன சொன்னேன்? மூணு மணின்னேன். நிமிஷம் தப்பல!

— அல்லாவே, எப்படிண்ணே சொன்னீங்க? கேப்டனே இப்பத்தான் போன்ல பாத்துட்டுச் சொல்றாரு.

— போன் எதுக்கு பாய், கண்ணு இருக்கும்போது? எல்லாம் அந்தக் கொடியைப் பாத்துத்தான். உங்க அக்காவுக்குக் கொஞ்சம் சொல்லுங்க.

— எந்தக் கொடிண்ணே?

— அதான், படகுத்துறைல பறக்குதே, சிவப்புக் கொடி.

— அதுவா? அது நேத்துக் காலைலயே காத்துல பிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போயிடுச்சேண்ணே. அக்காதான் மொதல்ல பாத்துட்டு என்கிட்ட வந்து சொன்னாங்க. இப்ப வெறும் கம்பம்தான் நிக்குது.