கணுக்காலில் தொடங்கி இருபத்தைந்து மீட்டர்

ஐஸ்லாந்தின் செல்விக் ஊர் நீச்சல்குளத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சீட்டும் துண்டும் தந்து, இன்று பணி நிறைவு பெறும் சால்வோர் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

சீட்டறையின் சிங்கமே! துண்டுகளின் தூய காவலரே! சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்துக்குள் நழுவப் பார்த்த வெளிநாட்டவர்களை, அவர்கள் மொழி ஒரு சொல்லும் அறியாமலே, ஒரே பார்வையில் குளியலறைக்குத் திருப்பியனுப்பிய திறலே! பனிப்புயல் வீசிய காலையிலும் பாதையை வெட்டிவிட்டுப் பணிக்கு வந்த பண்பே! வணக்கம்.

முதல் இருபத்தொன்பது ஆண்டுகளில் உங்களைத் தண்ணீருக்குள் ஒருவரும் கண்டதில்லை. எல்லோரும் பள்ளியிலேயே நீந்தக் கற்கும் நம் நாட்டில் ஒருவரைப் பார்த்து "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று யாரும் கேட்பதில்லை, நடக்கத் தெரியுமா என்று கேட்பது போல் ஆகிவிடும். ஆகவே நீங்கள் நீரில் இறங்காததைக் கட்டுப்பாடு என்றே நாங்கள் நம்பினோம். உங்கள் வெள்ளிவிழாவில் வாசித்த மடலில், "பணி நேரத்தில் தன் இன்பம் நாடாதவர்" என்று தங்க எழுத்தில் எழுதியும் கொடுத்தோம். அம்மடல் உங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அதை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது. பொறுத்தருள்க.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இலையுதிர் காலத்தில் ஊராட்சியிலிருந்து ஓர் ஆணை வந்தது. குளத்தின் ஊழியர் எல்லோரும், துண்டு கொடுப்பவர் உட்பட, ஜூன் மாதத் தேர்வில் இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு இங்கே வேலையில்லை. அன்று மாலையே நீங்கள் விலகல் கடிதம் எழுத உட்கார்ந்ததை உயிர்காப்பாளர் பெர்க்ஸ்வெய்ன் பார்த்துவிட்டார்.

"என்ன சால்வோர் இது? இன்னும் ரெண்டு வருஷந்தானே இருக்கு!"

"நீந்தத் தெரியாது."

"யாருக்கு?"

"ம், குளத்துக்கு! எனக்குத்தான்யா. மலைமேல பண்ணையில வளந்தவ நான். எங்க பள்ளிக்கூடத்துல நீச்சல் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சப்போ என் படிப்பே முடிஞ்சு போச்சு. நீ சிரிச்சேன்னு வை, இந்த ஜென்மத்துல உனக்குத் துண்டு கிடையாது."

பெர்க்ஸ்வெய்ன் சிரிக்கவில்லை. அவர் செய்த முதல் உதவி அதுவே. சிரிக்காமல் இருப்பதும் ஒரு தருமம் என்பதை ஆண்டவர் அறிவார். இரண்டாவது உதவி, அந்தக் கடிதத்தை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. "நாளைக்கு ஆறு மணிக்கு, கதவு தொறக்கறதுக்கு முன்னாடி வாங்க. கணுக்கால் வரைக்கும் நனைங்க, போதும். அதுக்கு மேல ஒரு விரற்கடைகூட வேண்டாம்" என்றார்.

முதல் வாரம் கம்பளிக் காலுறையோடு கரையில் அமர்ந்தீர்கள். இரண்டாம் வாரம் காலுறை போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் முழங்கால், ஜனவரி இருட்டில் இடுப்பு. முகத்தை நீருக்குள் வைக்க மட்டும் ஐந்து வாரம் பிடித்தது. வீட்டுப் பாத்திரத் தொட்டியில் பழகினீர்கள். நீங்கள் மூழ்குவதாக எண்ணி உங்கள் பூனை பக்கத்து வீட்டாரையெல்லாம் கூட்டிவிட்டது. ஏப்ரலில் மிதவைப் பலகையைப் பிடித்து ஐந்து மீட்டர், மே கடைசியில் பலகையில்லாமல் பதினெட்டு. பயம் போகட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருப்பவர் கரையிலேயே இருப்பார். நாம் இறங்க இறங்கத்தான் பயம் கரையேறும். அதை எங்களுக்குக் கற்பித்தவை உங்கள் கணுக்கால்கள்.

அந்த மாதங்களில் உங்களுக்கு அறிவுரைப் பஞ்சமும் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மீன்பிடிக் கப்பல் ஓட்டிய கேப்டன் எகெர்ட்டுக்கு, வழக்கப்படி கதவு திறக்குமுன்பே, ஆறு மணிக்கே, குளத்தருகே வெந்நீர்த் தொட்டியில் இடம் உண்டல்லவா?

"மூக்கைத் தூக்கு, சால்வோர்! கப்பல் முகப்பு மாதிரி!"

"வாயை மூடுங்க கேப்டன், தண்ணி உள்ள போயிடப் போகுது!"

தேர்வு நாள் வந்தது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரி காப்பிக் கோப்பையும் பெயர்ப் பட்டியலுமாக நின்றார். கடைசி ஏழு மீட்டரும் ஆழமான பகுதி, கால் எட்டாது, நீங்கள் அதுவரை போகாத தூரம். நீரில் இறங்கியும், ஏணிப்படியைப் பிடித்த உங்கள் கை விடவில்லை. "நேரமாகுது அம்மா" என்றார் அதிகாரி. பெர்க்ஸ்வெய்னின் கை சட்டைப்பையிலிருந்த கடிதத்தைத் தொட்டது.

அப்போது கேப்டன் எகெர்ட் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து, ஆவி பறக்க நடந்து வந்து, உங்கள் காதில் குசுகுசுத்தார். காது மந்தமான அவர் குசுகுசுத்தால் துறைமுகம் வரை கேட்கும்.

"சால்வோர், எனக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நீச்சல்தான். குளிர்கடல்ல விழுந்தா சீக்கிரம் முடிஞ்சு போகட்டும்னு எங்க ஆளுங்க யாரும் கத்துக்கல. நானுந்தான். இந்தத் தொட்டியத் தாண்டி நான் இறங்கினதே இல்ல."

"ஆறு மாசமா மூக்கைத் தூக்கு, காலை ஆட்டுன்னு உயிரை வாங்கினீங்களே!"

"அதைச் சொல்றதுக்கு நீச்சல் தெரியணுமா என்ன? நீ போய்ச் சேந்துட்டா நானும் இறங்கறேன். சத்தியம்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த வேகத்தில் கை ஏணியை விட்டுவிட்டது. பிறகு திரும்ப வழியேது? முக்கிமுனகி, மூக்கைத் தூக்கி, பதினெட்டாம் மீட்டரில் ஒருகணம் தயங்கி, மேலே போனீர்கள். ஐந்து நிமிடம். அதிகாரியின் காப்பி ஆறிவிட்டது. குடிக்க அவருக்கு நினைவில்லை. சுவரைத் தொட்டதும், மூச்சு வாங்கும் முன்பே, நீங்கள் கூவிய முதல் சொல்: "கேப்டன், ஓடாதீங்க! காலை நனைங்க!"

கடிதத்தைப் பெர்க்ஸ்வெய்ன் கிழித்தார். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நீங்கள் ஆசிரியை ஆனீர்கள்.

அன்புடையீர்! பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, கடிகாரமும் வேண்டாம், வெள்ளிக் கரண்டியும் வேண்டாம் என்றீர்கள். "கதவுச் சாவியக் குடுங்க. அந்த மனுஷனைப் பாதியில விட்டுட்டுப் போக முடியாது" என்றீர்கள். இதோ, இம்மடலோடு சாவி. உங்கள் முழங்கால்கள் வலியறியாதிருக்க, உங்கள் வீட்டில் காப்பி மணம் ஓயாதிருக்க, நீங்கள் காணாத ஆழங்களிலும் ஆண்டவர் உங்களைத் தாங்கி மிதக்கச் செய்ய வேண்டுகிறோம்.

என்றும் உங்கள்,
செல்விக் நீச்சல்குளப் பணியாளர்கள்

இவர்களோடு, இடுப்பளவு நீரில் நின்றபடி,
கேப்டன் எகெர்ட்