ஆந்தைக் காசு

"இந்த ஆந்தை போலிங்க, அக்கா."

முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, எங்கள் சேலம் பஸ் நகரவில்லை. பேசியவர் பழைய காசு வியாபாரி. தர்மபுரியிலிருந்தே தன் தொழிலைப் பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு எதிர்ப்பக்க சீட்டில் வத்தல்மலைக்காரப் பெண் ஒருத்தி. ஆந்தை பொறித்த அவளுடைய வெள்ளிக் காசு அவர் கையில் இருந்தது.

"எங்க மாமனாரு பட்டாளத்துல இருந்தப்ப எகிப்துல வாங்கியாந்ததுங்க. கிரேக்கக் காசுன்னாரு."

"ஏமாத்திட்டாங்க. விளிம்புல சுத்தி ஒரு கோடு ஓடுது பாருங்க. அச்சுல ஊத்துனா அந்த ஒட்டு தெரியும். நெசக் காசு சுத்தியால அடிச்சது, ஒட்டு இருக்காது."

அவள் வருத்தப்படவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஆந்தைக் காசை எடுத்தாள்.

"அப்ப இதப் பாருங்கண்ணா."

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார்.

"இதுவும் போலிதான். வெள்ளிக்காகப் பத்து ரூபா தரேங்க."

"அந்த ஒட்டுக் கோட்டக் காணமேங்கண்ணா?"

"தேஞ்சிருக்கும்."

"ஆந்தை மூக்கு தேயாம ஒட்டு மட்டும் தேயுங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சரி, அம்பது."

"போலிக்கா?"

"நூறு. சரி, எரநூறு! அதுக்கு மேல எவனும் தரமாட்டான்."

அவள் ஆந்தைக் காசைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ரொம்ப உபகாரங்கண்ணா. வெல தெரியாமத்தான் சேலத்துக்குக் கெளம்புனேன். இனி எரநூறுல இருந்து பேசிக்கறேன்."