தூணோரத்து இடம்

காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது எனக்கு இன்றுவரை சரியாக வராது. கண்ணாடியில் ஒன்று தெரியும், கை வேறொன்று செய்யும். வீட்டில் இதை வைத்தே என்னை ஓட்டுவார்கள். முன்பக்கமாக நுழைந்து அப்படியே நிறுத்துகிற மாதிரி ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. நீங்கள் வேறு ஏதோ பெரிய காரணத்தைத் தேடுகிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்படி ஒன்றும் இல்லை, ஐயா.

எங்கள் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துமிடத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடுப்புக் கம்பி முளைத்தது. அன்றிலிருந்து பெரிய டாக்டர்களைத் தவிர மற்ற எல்லோரும், நர்ஸ், லேப் ஆட்கள், தரை துடைக்கிறவர்கள் உட்பட, உள்ளே வண்டியை விட தினமும் காசு கட்ட வேண்டும். "வேலைக்குப் போக டிக்கெட் வாங்கிட்டுப் போற ஒரே ஆள் நீதான்" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசு போவது பெரிய விஷயமில்லை. நான் ஊசி போட்டு, மலம் துடைத்து, கண் மூடியவர்களின் தாடையைக் கட்டிவிட்ட அந்தக் கட்டடத்தின் வாசலில், யாரோ விருந்தாளி மாதிரி சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததே, அதுதான் பொறுக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து நிர்வாக அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர். உட்கார வைத்து டீ கொடுத்து, "பார்க்கலாம்" என்றார். டீ நன்றாக இருந்தது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் மைதானத்துக்கு அப்பால் வண்டியை விட்டுவிட்டு, செருப்பில் சேறோடு வார்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் வந்தேன். ஒரு நாள் என் கார் கதவில் யாரோ ஆணியால் நீளமாகக் கோடு இழுத்து வைத்திருந்தார்கள்.

வழி சொன்னது கம்பியருகே நிற்கும் காவலாளி. "சிஸ்டர், நோயாளியோட சொந்தக்காரங்களுக்கு அட்டெண்டர் பாஸ் உண்டு. அதைக் கண்ணாடியில ஒட்டிட்டா காசு கேட்க மாட்டோம். உங்களுக்கு யாராவது உள்ள படுத்திருந்தா சொல்லுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். பாவம், அவரை இதில் இழுக்காதீர்கள்.

என் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, வலது பாதத்தில் புண். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனதோடு சரி. சொந்தம் என்று எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அதில் மகள் என்று என் பெயரைப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை. "தாராளமா எழுதிக்கோம்மா. வளர்க்கிற செலவு இல்லாம ஒரு பொண்ணு கிடைச்சா கசக்குமா" என்றார்.

மறுநாள் கம்பி தானாக மேலே போயிற்று. லிஃப்டை ஒட்டி, ஒரு தூணோரத்தில், வெயில் படாத இடம். காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அவரை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். வார்டில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். நகம் வெட்டிவிட்டேன், முகம் மழித்துவிட்டேன், வீட்டிலிருந்து மிருதுவான தலையணை கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு மத்தியானம் சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் கீழே அழைத்துப் போய் என் காரைக் காட்டி, பின்பக்கமாக எடுத்து நிறுத்திப் பார்த்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே, "ஸ்டியரிங்கை ஒடி, இன்னும் ஒடி, பயப்படாதே, தூண் நகராது" என்று கத்தினார். காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் பெரியவர் கண்ணாடியில் இருந்த பாஸைப் பார்த்தார். அதில் அவருடைய கட்டில் எண் இருந்தது. "ஓ, இதுக்குத்தானா மகளானே" என்றார். கோபமே இல்லை. "படுத்துக் கிடக்கிற என்னால யாருக்காவது பிரயோஜனம்னா சரிதான்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

புண் ஆறிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் சின்ன டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த வாரமே வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்றார். பெரியவர் கண் கலங்கிவிட்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் டாக்டர். என் வீட்டு கக்கூஸ்ல கதவைச் சாத்திக்கிட்டு, யாரும் தட்டாம, நிம்மதியா உட்காரணும்" என்றார். வார்டே சிரித்தது. அவர் போனால் என் பாஸும் போய்விடும். மறுபடி அந்தக் கம்பி, அந்தச் சில்லறை.

அன்று அவருக்கு ஜுரம் இல்லை. இருக்கிறதென்று நான் எழுதினேன். ஒரு நோயாளியை இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு? அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பி, நிலைமை மோசமாகித் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். "உடம்பு சுடவே இல்லையேம்மா" என்றார் பெரியவர். "உள்ஜுரம், உங்களுக்குத் தெரியாது" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெறும் எழுத்தை டாக்டர்கள் எத்தனை நாள் நம்புவார்கள்? ரத்தத்தைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. அதனால் நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்தில் பாதியைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். புண்ணைச் சுத்தம் செய்யாமல் பழைய கட்டின் மேலேயே புதுத் துணியைச் சுற்றினேன். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு ஜுரத்தை நான் கற்பனை செய்து எழுத வேண்டியிருக்கவில்லை. தானாகவே வந்தது.

முதலில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பிறகு அழுகிய கருப்பு காலில் மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் பெரிய டாக்டர். பெரியவர் ஜுர மயக்கத்தில் கிடந்ததால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டியிருந்தது. "நீங்களா மகள்? பெத்த பொண்ணே நர்ஸா பக்கத்துல இருக்கீங்க, கொடுத்து வச்ச மனுஷன்" என்று பெரிய டாக்டர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது குனிந்து, "பயப்படாதீங்க, அப்பா" என்றேன். அந்த வார்த்தை மனதிலிருந்துதான் வந்தது.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும் நேரத்தில் அவர் போய்விட்டார். நானே முகத்தைத் துடைத்து, தலை வாரிவிட்டேன்.

உடலை வாங்கிக்கொண்டு போகும்வரை பாஸ் செல்லும். நிர்வாகத்துக்கு அந்த மட்டுக்குப் பெருந்தன்மை உண்டு. "சிஸ்டர், அப்பாவை எப்ப எடுக்கறீங்க?" என்று பிணவறைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிநாட்டிலிருந்து தம்பி வர வேண்டும் என்றேன். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, விமானம் கிடைக்கவில்லை, தம்பிக்கே உடம்பு சரியில்லை. கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் மேலே போய்ச் சொல்லிவிட்டார். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

நேற்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் நான் வாய் திறக்கவில்லை. கோபத்தில் ஏதாவது பேசிவிடக் கூடாது என்று இருந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் உங்களிடம் சொன்னது உண்மை. விரல்களை எடுத்த பிறகு, ஒரு நாள் கட்டு மாற்றும்போது பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். உன்மேல வருத்தம் இல்ல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பிடு. உன் பார்க்கிங் காசை என் பென்ஷன்லேருந்து மாசாமாசம் கொடுத்துடறேன். நான் உயிரோட இருக்கிறவரைக்கும் கொடுக்கறேன்மா."

அப்போதாவது விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். எனக்கு அன்று அழுகை வந்தது, ஐயா. இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்தவளிடம் ஒரு மனிதர் இப்படிக் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சே எரிந்தது. கையை விடுவித்துக்கொண்டு போய், அன்றைய மருந்து முழுவதையும் தொட்டியில் ஊற்றினேன். ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நோயாளியிடம் கைநீட்டிக் காசு வாங்கினவள் என்று மட்டும் என்னை யாரும் சொல்லிவிட முடியாது.