சட்டையைப் பிரிச்சுப் பாக்காத ஆளு

...அதைத்தாண்ணே சொல்றேன், நாலு நாளா இந்த ஏசி சொட்டுது, அதுவும் இடம் பாத்து என் மேஜை மேல! ஏணியை இப்படிப் போடுங்க. ஐயோ, அந்தக் கப்பை நகத்தாதீங்க, தண்ணி பிடிக்க வச்சிருக்கேன். பரிசுக் கப்புதான். ஏழு வருசத்துக்கு முன்னால ஆபீஸ்ல குடுத்தாங்க. இப்பவாவது ஒரு வேலைக்கு உதவுதே.

ஏசி ஒழுகுறது பெரிசில்லண்ணே. எவனோ ஒருத்தன் எழுதி வச்சிருக்கான் பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். நாங்க இங்க ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்யறோம். மத்தவங்க அதுல புரோகிராம் எழுதுவாங்க. 'இந்த வார்த்தை வந்தா இந்த வேலை, அந்த வார்த்தை வந்தா அந்த வேலை'ன்னு அவங்க எழுதினா, சரியான வேலைக்குப் பிரிச்சு அனுப்பறது எங்க லைப்ரரி... புஸ்தகம் இருக்கிற லைப்ரரி இல்லண்ணே! எல்லாரும் கூப்பிட்டு வேலை வாங்கிக்கிற பொதுப் புரோகிராம்.

எழுத்தெழுத்தா ஒப்பிட்டுக்கிட்டிருந்தா பொழுது போயிடும். அதனால வார்த்தையைப் பிழிஞ்சு ஒரு நம்பராக்கிடுவோம். லாண்டரில துணிக்கு நம்பர் போடறாங்கல்ல, அதே மாதிரி. நம்பரைப் பாத்தா நேரா அந்த அலமாரிக்குப் போயிடலாம். ஆனா எப்பவாவது ரெண்டு பேர் துணிக்கு ஒரே நம்பர் விழுந்துடும். அப்ப என்ன செய்யணும்? கையில குடுக்கறதுக்கு முன்னால சட்டையைப் பிரிச்சுப் பாக்கணும்! பாருங்க, நீங்களே தலையாட்டறீங்க! இந்தப் புண்ணியவான் பிரிக்கவே இல்ல. நம்பர் ஒத்துப்போச்சா, இந்தான்னு தூக்கிக் குடுத்துட்டான்.

ஒரு நீச்சல் குளத்துக்காரங்க போன வாரம் அவங்க புரோகிராம்ல புதுசா ஒரு வார்த்தை சேத்தாங்க, 'நிரப்பு'ன்னு. அதுக்கும் 'காலிசெய்'க்கும் ஒரே நம்பர்! நிரப்புன்னு அடிச்சா குளம் வடியுது. மிதந்துக்கிட்டிருந்த நாலு பேரு அப்படியே... மெதுவா... தரையில வந்து உக்காந்துட்டாங்க. ஒருத்தர் மல்லாந்து கண்ணை மூடியிருந்தாராம், முதுகுல டைல்ஸ் பட்டப்பறம்தான் முழிச்சிருக்காரு.

நான் விடுவேனா? ஆபீஸ்ல இருக்கிற நாப்பது பேருக்கும் மெயில் தட்டிட்டேன். மூணு மணி மீட்டிங்ல எழுதினவங்க பேரைப் பெரிய திரையில போடணும், எழுந்து நின்னு பதில் சொல்லணும்! மேனேஜர் வந்து, 'பேரெல்லாம் எதுக்கும்மா, சரி பண்ணிட்டுப் போவோமே'ங்கறாரு. ஒரு தடவையா, மூணு தடவை! 'யாரு சார் அந்தச் செல்லப்பிள்ளை?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். மனுசன் முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு. வீட்ல என் நாத்தனாரும், 'அண்ணி, யாருன்னு பாத்துட்டு மெயில் போட்டிருக்கலாமே'ன்னா. பல் டாக்டர், அவளுக்கென்ன தெரியும் இதைப் பத்தி!

இருங்க, உங்களுக்கே காட்டறேன். எந்த வரியை யாரு, என்னிக்கு எழுதினாங்கன்னு எல்லாம் பதிவாயிருக்கும். ஒரு பட்டன்தான். இதோ... பக்கத்துல குறிப்பு வேற, திமிரைப் பாருங்க! 'ரெண்டு வார்த்தைக்கு ஒரே நம்பர் வரவே வராது. சரிபாக்கறதை எடுத்தாச்சு. இப்ப மூணு மடங்கு வேகம்!!!' மூணு ஆச்சரியக்குறி! யாருண்ணே இப்படி மூணு மூணா...

...

அண்ணே. அந்தக் கப்புல என்ன எழுதியிருக்கு? தண்ணியைக் கொட்டிட்டே படிங்க. 'வேகத்துக்காக'... ம். தேதி? ...ம்ம், இந்த வரிக்கும் அதே மாசம்தான்.

அந்த மனுசன் ஏன் மூணு தடவை வந்து கெஞ்சினாருன்னு இப்பல்ல தெரியுது!

மணி ரெண்டு அம்பத்தஞ்சா? ஏண்ணே, இது இன்னும் கொஞ்சம் பெரிசா ஒழுகாதா? மீட்டிங் ரூம்ல, அந்தத் திரைக்கு நேரா மேல? ...அண்ணே? ஆளையும் காணோம், ஏணியையும் காணோம்!

சொட்டு நின்னுபோச்சே. ஏசியைத் திரும்ப மாட்டிட்டு, ஒரு தடவை ஓடவிட்டுச் சரிபாத்துட்டுல்ல போயிருக்காரு...

இதோ வர்றேன் சார்! திரையெல்லாம் வேணாம். நானே எழுந்து சொல்லிடறேன். ஆமா, கப்பையும் எடுத்துட்டுத்தான் வர்றேன்.