சாமைக் கொல்லைக்கு ஒரு ஹேட்ச்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வரைவாளர் சங்கத் தலைவர் ராஜாங்கம் ஐயா அவர்களே, மையும் தாளுமாய் இருந்த தொழிலை மவுஸும் திரையுமாய் மாற்றி எங்கள் கையில் தந்த மூத்தோரே, பிள்ளைகளின் பரிசைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே, கணினி முன் அமர்ந்து கழுத்து வலிக்கக் கோடு இழுக்கும் தோழர்களே, கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் வெள்ளச்சி அம்மா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் சந்தியா. ஊர் தியாகதுருகம். ஆறு வருடமாக வரைகிறேன். எனக்குத் தந்த தலைப்பு, ஹேட்ச் வடிவங்களை உருவாக்குதலும் திருத்துதலும். உருவாக்கியது ஒன்று உண்டு. திருத்தியதும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் முன்னால் ஒரு தவறு உண்டு. அது என்னுடையது.

ஹேட்ச் என்றால் என்ன? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். வரைபடத்தில் ஓர் எல்லைக்குள் கோடோ புள்ளியோ நிரப்புவது. செங்கல்லுக்குச் சாய்கோடு. கான்கிரீட்டுக்குப் புள்ளியும் முக்கோணமும். பாறைக்கு ஒன்று. மணலுக்கு ஒன்று. எல்லைக்குள் ஒருமுறை சொடுக்கினால் போதும், குடத்தில் ஊற்றிய நீராய் நிரம்பிவிடும்.

குடத்தில் விரிசல் இருந்தால்?

கரியாலூருக்கு அப்பால் மலைச்சாலையை அகலப்படுத்தும் வேலை. வெட்டியெடுக்கும் கல்லை எங்கே கொட்டுவது என்று காட்டும் ஷீட்டை நான் வரைந்தேன். விதி எளிது. பாறை ஹேட்ச் இருக்கும் இடத்தில் கொட்டலாம். பயிர் நிலத்தில் கூடாது.

மாசியில் அளவெடுத்து வந்தார்கள். பாறைச் சரிவின் நடுவே ஒரு நிலம். சுற்றிலும் கல் வரப்பு. மேற்கு மூலையில் நாலடி இடைவெளி. உள்ளே சொடுக்கினேன். எல்லை மூடவில்லை என்றது மென்பொருள். சிவப்பு வட்டமிட்டுக் காட்டியது. நான் என்ன செய்தேன்? யாரையாவது கேட்டேனா? அளவெடுத்தவருக்கு ஒரு போன் போட்டேனா? இல்லை. இடிந்த வரப்பு, யாருமற்ற நிலம் என்று முடிவு செய்தேன். வெளிச் சரிவில் சொடுக்கினேன். பாறை நிரம்பியது. இடைவெளி வழியே உள்ளேயும் நிரம்பியது. பார்க்க அழகாகவே இருந்தது. பிரிண்ட் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள் தோழர்களே. நம்மில் யார் செய்யாதது இது?

வைகாசியில் ஊர்க்கூட்டம். ஷீட்டைச் சுவரில் ஒட்டியிருந்தோம். இதோ முதல் வரிசையில் இருக்கும் வெள்ளச்சி அம்மா வந்தார். விரலை வைத்தார்.

“இது எங் கொல்லையாச்சே. இன்னா இது, அம்மை போட்டாப்புல இருக்குது?”

“அது பாறைங்கம்மா.”

“பாறையா? அப்போ போன வருசம் நான் பாறையிலயா சாமை அறுத்தேன்? ஊரே வாங்கிக்கினு போச்சே, கல்லையா ஆக்கித் தின்னுச்சு?”

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

“மேற்கால வரப்பு தொறந்து கெடக்குதேம்மா...”

“அது மாட்டு வழி. அறுப்பு முடிஞ்சா தொறந்து வுட்ருவோம். ஊர் மாடெல்லாம் மேயும், சாணி போட்டுக்கினு போவும். வெதைக்கும்போது முள்ள வெட்டி அடைச்சுக்குவோம். இதுகூடத் தெரியாமயா படம் போட வந்தே?”

தெரியாமல்தான் வந்தேன். மூன்று நாளில் டிப்பர் வரவிருந்தது.

வேலையின் இன்ஜினியர் குமார் நல்லவர். அவசரக்காரர். “ஏங்க இவ்ளோ யோசிக்கிறீங்க? அந்த எடத்துல ஒரு கோடு போட்டு மூடுங்க. ரெண்டு நிமிசம்” என்றார். எல்லை மூடும், ஹேட்ச் நிற்கும். சரிதான். ஆனால் இந்த முறை கேட்டுவிட்டே செய்வது என்று வெள்ளச்சி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“கோடு போட்டா மாட்டு வழி இன்னா ஆவும்?”

“படத்துல இருக்காதும்மா.”

“வேணாம் பாப்பா. படத்துல அடைச்சா நாளைக்கி எவனாச்சும் நெசத்துல அடைப்பான். பக்கத்துக் கொல்லை பச்சமுத்து ஏற்கெனவே எங்கூடப் பேசறதில்ல. அவன் மாட்டு வழிய வேற அடைச்சேன்னா?”

தோழர்களே, ஹேட்ச் அமைப்பில் ஒரு கட்டம் உண்டு. எவ்வளவு இடைவெளி வரை பொறுத்துக்கொள்வது என்று கேட்கும். ஆறு வருடமாக அதில் சுழியம். நான் தொட்டதே இல்லை. அன்று ஒன்றரை மீட்டர் என்று வைத்தேன். சொடுக்கினேன். எல்லை திறந்தே இருந்தது. கொல்லை நிரம்பியது.

எதனால் நிரப்புவது? பட்டியலில் செங்கல் உண்டு, சரளை உண்டு, இரும்பு உண்டு. சாமை உண்டா? இல்லை. அதனால் நானே எழுதினேன். ஒரு வடிவம் என்பது சில எண்கள். கோணம், தொடங்கும் புள்ளி, வரிக்கு வரி விலகல், கோட்டின் நீளம், விடும் வெளி. மறுபடி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“வரிசையா வெதைப்பீங்களாம்மா?”

“சாமைய எவன் வரிசையா வெதைப்பான்? வீசி வெதைக்கிறது. ஏரு மட்டும் சரிவுக்குக் குறுக்கால போவும். இல்லாட்டி மழை மண்ண அள்ளிக்கினு பூடும்.”

சிறு சிறு கோடுகள், சிதறினாற்போல, சரிவுக்குக் குறுக்காக. முதல் முயற்சி கறுப்பாய் அடைத்துக்கொண்டது. அளவைப் பெருக்கினேன். கோணத்தைத் திருப்பினேன். மூன்றாம் முறை அது கொல்லையாக இருந்தது.

ஆனால் திருத்திய ஷீட் மலை ஏறுவதற்குள் பழைய ஷீட்டோடு இரண்டு டிப்பர் ஏறிவிட்டது. வரப்புக்கு வெளியே மேட்டில் நின்று உள்ளே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதைக் குமார் நிறுத்தினார். கொட்டியதை அள்ளுவது தங்கள் வேலையில்லை என்றது ஒப்பந்தக் கம்பெனி.

பின்னால் யார் அது? ஜேசிபி விடலாமே என்கிறீர்களா? அம்மாவே பதில் சொல்கிறார், கேளுங்கள். “வரப்ப இடிச்சுக்கினு வர்றதுக்கு அது எதுக்குப்பா? அந்தக் கல்லே கெடக்கட்டும்!”

ஆடி பிறக்க இருபது நாள் இருக்கிறது. விதைக்க வேண்டும். அம்மாவும் அவர் மகள் விஜயலட்சுமியும் இதுவரை கால் பங்கு கல்லைக் கையால் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். இருவர் கை. நான்கு உள்ளங்கை. அவற்றில் காயம் இல்லாத உள்ளங்கை ஒன்றுகூட இல்லை.

யார் வரைந்த பாறை அது? நான் வரைந்தது. யார் சுமக்கிறார்கள்? அவர்கள். இது நியாயமா? தவறான ஹேட்சை அழிக்க எனக்கு ஒரு விரல் போதும். தவறாகக் கொட்டிய கல்லை அள்ள எத்தனை விரல் வேண்டும்?

ஞாயிறு காலை, கரியாலூருக்குப் போகும் முதல் பேருந்து. நான் போகிறேன். இந்த அரங்கத்தில் வரைகிறவர்கள் நாற்பது பேர் இருக்கிறீர்கள். வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

ஐயா, நீங்களா? உங்கள் முழங்கால்? “உக்காந்துக்கினே பொறுக்கறேன்மா” என்கிறார் தலைவர். பின் வரிசையிலும் கை தெரிகிறது. இன்னும். இன்னும்.

போதும், மைக்கை விடுகிறேன். பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், என்னைத் திட்டிவிட்டும் கூடவே வந்த வெள்ளச்சி அம்மாவுக்கும் நன்றி. கையுறை கொண்டு வாருங்கள், கல் கூர்மையானது. வணக்கம்.